நண்பன் விட்டுச்சென்ற சிலேட்டு

யானைக்கவுனியில் வால்டாக்ஸ் சாலையோரம் நடந்தால் லாரி புக்கிங் ஆபீஸ்களைப் பார்க்கலாம். சாக்கு சுற்றித் தைத்த மூட்டைகள், கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள், அவற்றின் மேல் கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர்கள். தெற்கே போனால் சென்ட்ரல் ரயில் நிலையம். கிழக்கே ஜார்ஜ் டவுனைத் தாண்டினால் துறைமுகம். ஊரை விட்டுப் போகிறவர்களும், பிழைப்புத் தேடி வருகிறவர்களும் காலங்காலமாக மிதித்த மண் இது.

சாமான் ஏற்ற இங்கே ஆள் கிடைக்கும். கூலி கொடுத்தால் போதும். ஆனால், தூர தேசம் போகிற ஒருவருக்குக் கூலியாள் செய்ய முடியாத வேலைகளும் உண்டு. வீட்டுப் பெரியவர்களைச் சமாதானம் செய்வது, மனசில் இருக்கும் பயத்தைப் போக்குவது, போகிற இடத்தில் முதல் சில நாள் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரிப்பது... இதையெல்லாம் நண்பர்கள்தான் செய்ய வேண்டும். அப்படிச் செய்கிறவருக்கு என்ன கிடைக்கும்? இதே துறைமுகத்தில் அதற்கு ஒரு நிஜக்கதை இருக்கிறது.

1912 மார்ச் 1-ம் தேதி, மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் 24 வயது ராமானுஜன். அப்போது குடியிருந்தது ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவில். துறைமுகத்தில் கிடக்கும் பார்சல் தாளைப் பொறுக்கி, அதில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

அந்த ஆபீஸில் அவருக்கு மேலதிகாரி எஸ்.நாராயண ஐயர். திருச்சியில் கணிதம் கற்பித்தவர். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டில் இருந்த அவர் வீட்டு மாடியில், இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்தால் மணி பதினொன்றைத் தாண்டிவிடும். சிலேட்டுக் குச்சியின் கீச்சுச் சத்தத்தில் வீட்டில் மற்றவர்களுக்குத் தூக்கம் கெடும். ராமானுஜன் இரண்டே வரியில் முடித்துவிடுவார். 'நடுவில் இருக்கிற படிகளையும் எழுதப்பா, என் அறிவுக்கும் எட்டட்டும்' என்கிற பாணியில் நாராயண ஐயர் மன்றாடுவார். பகலில் அதிகாரி, ராத்திரியில் கூட்டாளி!

1913-ல் கேம்பிரிட்ஜிலிருந்து பேராசிரியர் ஹார்டி அழைத்தபோது ராமானுஜன் போக முடியவில்லை. கடல் தாண்டினால் சாதியை விட்டே தள்ளிவைக்கும் காலம் அது. அம்மா கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை.

அந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு நாராயண ஐயரும் துணை நின்றார். அந்த ஆண்டின் கடைசியில் ராமானுஜனோடு நாமக்கல்லுக்குப் போனார். ராமானுஜன் குடும்பத்தின் தெய்வமான நாமகிரித் தாயார் சந்நிதியில் மூன்று இரவு படுத்துக் கிடந்ததாகவும், மூன்றாம் இரவில் ராமானுஜன் எழுந்து, உத்தரவு கிடைத்துவிட்டதென்று சொன்னதாகவும் நாராயண ஐயரின் குடும்பத்தார் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். உத்தரவு கிடைத்தால் தன் ராத்திரிக் கூட்டாளி போய்விடுவான் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் கூடப் போனார்.

பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. மெட்ராஸ் வந்திருந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில், உதவித்தொகைக்காகப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜனுக்குக் கோட்டும் காலணியும் வாங்கினார்கள். கத்தி, முள்கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். குடுமி போய், கிராப் வந்தது. அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாமென்று, அம்மாவையும் மனைவி ஜானகியையும் முன்பே கும்பகோணத்துக்கு ரயிலேற்றியாகிவிட்டது.

1914 மார்ச் 17-ம் தேதி 'நெவாசா' கப்பல் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் நண்பர்கள் இருவரும் தங்கள் சிலேட்டுகளை மாற்றிக்கொண்டார்கள். அவர் சிலேட்டு இவரிடம். இவர் சிலேட்டு அவரிடம்.

அங்கேயும் கைகள் காத்திருந்தன. ஏப்ரல் 14-ம் தேதி லண்டனில் நெவிலும் அவர் சகோதரரும் காரோடு வந்து அழைத்துப்போனார்கள். முதல் சில வாரங்கள் நெவில் வீட்டிலேயே சாப்பாடும் படுக்கையும். பிறகு குளிர்காலத்தில், அங்கே படித்துக்கொண்டிருந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர்) ராமானுஜனின் அறைக்குப் போனார். ஓவர்கோட்டும் சால்வையும் போட்டுப் படுத்தும் இரவெல்லாம் குளிர்கிறது என்றார் ராமானுஜன். பார்த்தால், மெத்தையோடு சேர்த்துச் செருகியிருந்த கம்பளிகளின் மேலேயே படுத்திருக்கிறார்! கம்பளியை விலக்கி உள்ளே எப்படிப் படுப்பது என்று மகலனோபிஸ் செய்து காட்டினார். ஒரு நிமிட வேலைதான். ஆனால், பக்கத்தில் ஒரு நண்பர் இல்லையென்றால் அந்தக் குளிர்காலம் எப்படிக் கழிந்திருக்கும்?

1918-ல் ராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919-ல் உடல் நலிந்து ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி 32 வயதில் மறைந்தார். ஒருவரை வழியனுப்பி வைத்தவர்களுக்குப் பெருமையில் பங்கு உண்டென்றால், இந்தத் துக்கத்திலும் உண்டு. அனுப்பாமல் இருந்திருக்கலாமோ என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஆனால், போகாமல் இருந்திருந்தால் அந்தக் கணக்குகளில் எத்தனை பார்சல் தாளோடு போயிருக்கும்?

நாராயண ஐயரின் கையில் மிஞ்சியது ஒரு பழைய சிலேட்டு. கூடவே, உலகம் கண்டுகொள்ளும் முன்பே ராமானுஜனின் எதிரில் உட்கார்ந்து, 'நடுவில் என்ன?' என்று கேட்ட இரவுகள். அந்த இரவுகள் பின்னால் வந்த எந்தப் பேராசிரியருக்கும் வாய்க்காதவை. நண்பனைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முயன்றிருந்தால், அந்த இரவுகளின் நினைவே கசந்திருக்கும்.

உங்கள் நண்பரோ தோழியோ துபாய்க்கோ டொரன்டோவுக்கோ கிளம்புகிறாரா? பெட்டி கட்டக் கைகொடுங்கள். அதோடு நிற்காமல், அவர் வீட்டில் இன்னும் சமாதானமாகாதவர் யாரென்று கேட்டு, அவரிடம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். போகிற ஊரில் தெரிந்தவர் யாராவது இருந்தால், ஒரு போன் போட்டுச் சொல்லிவையுங்கள். கிளம்பும் நாளில், அவர் தினமும் புழங்கிய ஏதாவது ஒரு சின்னப் பொருளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.