காற்று கொண்டுவந்த ஓதம்

ராலே, வட கரோலினா
செப்டம்பர்



ஜூலையில் எங்கள் கூடத்தில் பூஞ்சண வாடை கிளம்பியது. கம்பளத்தை வெயிலில் காயப்போட்டும் போகவில்லை. ஒரு சனிக்கிழமை டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் இறங்கினேன்.

இந்தப் பக்கம் பல வீடுகள் மண்மேல் நேராக உட்காருவதில்லை. சுற்றிலும் குட்டைச் சுவர், நடுவே தூண்கள், மேலே மரச்சட்டங்கள், அவற்றின்மேல் பலகைத் தரை. மண்ணுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு மூன்று அடிதான். தவழ்ந்துதான் போக வேண்டும் என்பதால் கிரால் ஸ்பேஸ் என்கிறார்கள்.

மல்லாந்து படுத்து வெளிச்சம் அடித்தேன். ஏசிக் குழாயின் அடியில் வரிசையாக நீர்த்துளிகள். சட்டங்களுக்கு இடையே திணித்திருந்த கண்ணாடிப் பஞ்சு நனைந்து தொங்கியது. ஒரு சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினேன்; கால் அங்குலம் இறங்கியது. மற்றவற்றில் ஈரமானி 24 காட்டியது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பயமில்லை.

சுவரிலுள்ள காற்றுத் துவாரங்களை ஏப்ரலில் திறந்துவைத்தவன் நான். ஓதம் அடித்தால் காற்றாட விட வேண்டும் என்று சொந்த ஊரில் பழகிய கை. இங்கே கோடையில் அந்தக் காற்றேதான் ஈரத்தைக் கொண்டுவருகிறது. 32 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 23 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் விடும். தரைக்கு அடியிலோ ஏசிக் குழாய் அதைவிடச் சில்லென்று இருக்கிறது. குளிர்ந்த நீர் நிறைத்த சொம்பு வெளியே வேர்ப்பதும் இப்படித்தான்.

இதே மாநிலத்தின் பிரின்ஸ்வில்லில் அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற அமைப்பு 12 வீடுகளை அளந்து ஆராய்ந்தது. துவாரங்களை அடைத்து அடிப்பகுதியை மூடிய வீடுகள் உலர்ந்திருந்தன. குளிர்விக்கவும் சூடாக்கவும் ஆகும் செலவும் சராசரியாக 15 சதவீதமாவது குறைந்தது.

நாங்களும் மூடினோம். முதலில் மழைநீர் சுவரோரம் தேங்காதபடி மண்ணைச் சரிவாக்கினோம். மண் முழுவதும் பாலித்தீன் விரிப்பு போட்டு, இணைப்புகளை ஓரடி ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினோம். துவாரங்களை அடைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வைத்தோம். உளுத்த சட்டத்தை ஒட்டிப் புதுச் சட்டம் முடுக்கினோம்.

வீட்டுக்கு அடியிலுள்ள காற்று பலகை இடுக்குகள் வழியே மேலேறும். பிள்ளைகள் சுவாசிப்பது அதையும் சேர்த்துத்தான். இந்த ஊருக்குக் குடிவருபவர்கள் சுவரின் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை கீழே இறங்கிப் பாருங்கள்.

நேற்று மறுபடி தவழ்ந்து போனேன். ஏசிக் குழாயைத் தடவிப் பார்த்தேன். கையில் ஈரம் ஒட்டவில்லை.