வண்டி மறிந்தபோது

கொச்சங்காடியின் குறுகிய சந்துகளில், மழைக்காலத்தில் சைடு ஸ்டாண்டு ஈரமண்ணில் புதைந்து, நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள் சரிந்து கிடப்பதைக் காணலாம். இங்குள்ளோர் அதை 'வண்டி மறிஞ்ஞு' என்பர். பழந்தமிழிலும் 'மறிதல்' கீழ்மேலாதலைக் குறித்தது. இன்றைய பேச்சில் பெரும்பாலும் சாலை மறியலாகவே எஞ்சியிருக்கிறது.

'விழுந்தது' என்றால் கண் கீறலைத் தேடுகிறது. 'மறிந்தது' என்றால் உள்ளே இடம்மாறியவை நினைவுக்கு வருகின்றன. பெட்ரோல் கசிந்திருக்கலாம், ஆகவே முதலில் சாவியை அணைத்து, வண்டியை நிமிர்த்தி, வாடை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். எஞ்சின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் ஏறியிருக்கலாம். கிளப்பியபின் புகை தொடர்ந்தால் அதைத் திறந்து பார்க்க வேண்டும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் சாய்வை உணரும் சென்சார் எஞ்சினை நிறுத்திவிடும். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் மீளும்.

இங்குள்ள மெக்கானிக் ஒருவர் என் வண்டியின் கீறலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டு, அது தானே சட்டெனத் திரும்புகிறதா என்றே பார்த்தார். பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினார். கால்பிரேக் மிதி உள்நோக்கி வளைந்திருக்கிறதா எனத் தடவினார். இறுதியாகக் கைபிரேக் லீவரின் அடியில் விரிசலைத் தேடினார். விரிசலிட்ட லீவர் வீட்டு வாசலில் உடைவதில்லை. தோப்பும்படி நெரிசலில் பதறி அழுத்தும் நொடியில்தான் உடையும்.

உங்கள் ஊரில் வண்டி விழுமா, சாயுமா, மறியுமா? குமரி மாவட்ட நண்பர்கள் அவசியம் எழுதுங்கள்.