சீறா வாசித்த பிள்ளைகள்

ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசச் சொன்னால் நாம் சளைக்காமல் பேசுவோம். இருபத்தைந்து ஆண்டுகளாக மீலாது மேடையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் பேசியும் வந்திருக்கின்றோம். கேட்டவர்கள் கைதட்டினார்கள், தேநீர் அருந்தினார்கள், அவரவர் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 2016-ஆம் ஆண்டில் நம் ஊர்க் கண்மாய்த் தரையில், பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளுக்கும் கோயில் தெருப் பிள்ளைகளுக்கும் பந்தாட்டத்தில் மூண்ட வாய்ச்சண்டை மண்டை உடைப்பில் முடிந்தபோது, நம் பேச்சின் பலன் இவ்வளவுதானா என்று குன்றிப் போனோம். அடித்தவனும் அடிபட்டவனும் நம்மிடம் தமிழ் பயின்றவர்களே.

அதற்குப் பின் வகுப்பில் ஒரே பலகையில் அமர மறுத்தார்கள். இலக்கிய மன்ற விழா வந்தது. வழக்கம்போல் ஒற்றுமை பற்றிப் பேசுமாறு கேட்டார்கள். நமக்கு நா எழவில்லை. பேச்சுக்குப் பதிலாகச் சீறாப்புராணம் வாசிக்க வைக்கிறோம் என்று சொல்லிவிட்டோம்.

ரபீஉல் அவ்வல் மாதத்தில் வீடுகளில் சீறா வாசிப்பது நம் முன்னோர் வழக்கம். ஒருவர் விருத்தத்தை இராகத்தோடு இசைப்பார்; மற்றொருவர் பொருள் விரிப்பார். அந்த வழக்கத்தையே பிள்ளைகளிடம் கொடுத்தோம். நபி பெருமானாரின் (ஸல்) சரித்திரமும் அரபுச் சொற்களும் நம் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் விருத்தம் அவர்கள் நாவில் நொண்டியது. கோயில் தெருவில் தேவாரம் பாடும் பெரியவர் ஒருவரின் பேரன் விருத்தத்தைத் தண்ணீர் பட்ட பாடாகப் பாடினான். ஆனால் நுபுவ்வத்து என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. ஒருவனை விட்டு ஒருவன் ஓர் அடி நகர முடியாது. முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்கள். நாட்டுப்படலம் வந்தபோது, அரபு நாட்டில் ஏது இத்தனை வயலும் வாய்க்காலும் என்று நம் தெருப் பிள்ளை ஒருவன் சிரித்தான். "புலவர் அரபு நாட்டைப் பார்த்தாரா? நம்ம ஊரைத்தானே பார்த்தார்!" என்றான் பேரன். நாம் ஆயத்தம் செய்து வைத்திருந்த நீண்ட விளக்கத்தை மடித்து வைத்துவிட்டோம்.

தடை இரு புறத்திலிருந்தும் வந்தது. "ஹஜ்ரத், ஓதிக் கொடுக்க வேண்டிய நீங்கள் பாட்டுக் கச்சேரி வைக்கிறீர்களா?" என்றார் நம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர். அவருடைய தாயார் வீட்டில் சீறா வாசித்த இரவுகளை நினைவூட்டினோம். அவர் மறுக்கவில்லை, விழாவுக்கு வரவும் இல்லை. பேரனின் தகப்பனாரோ அவனை அனுப்பவே மறுத்துவிட்டார். அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்றோம். "ஐயா, எம் பிள்ளை எதற்கு உங்கள் வேதக் கதையைப் பாட வேண்டும்?" என்றார். கேள்வி நியாயமானது. உமறுப் புலவருக்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுர அரசவைப் புலவராகிய கடிகைமுத்துப் புலவர் என வழிவழியாகச் சொல்லப்படுவதைக் கூறினோம். பதினாறு வயதிலேயே அந்த அவையில் வடநாட்டுப் புலவர் ஒருவரை உமறு வாதில் வென்றார் என்பார்கள். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரும் சங்கரநாராயண அண்ணாவியிடம் தமிழ் கற்றவரே. வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவர்கள் வழக்காடிய காலத்தில், அருட்பாவே என்று வாதிட்டவர் அவர். தகப்பனாருக்கு இதெல்லாம் சமாதானமாகப் படவில்லை. உள்ளிருந்து பெரியவர்தாம், "புத்தகத்தைக் கொடுங்கள், பார்ப்போம்" என்றார்.

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார். வானவர் கோமான் ஜிப்ரீல் (அலை) பெயர் வந்த இடத்தில் நாம் குறுக்கிட்டோம். புத்தகத்தில் ஜிபுறயீல் என்று இருந்தது. அரபியில் ஜிப்ரீல் என்பதே சரி என்று திருத்தினோம். பெரியவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். "அங்கே எப்படியோ, தெரியாது. இங்கே அப்படிப் படித்தால் தளை தட்டுமே!" என்றார்.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். ஜிப்ரீல், நேரும் நேருமாய்த் தேமா. ஜிபுறயீல், நிரையும் நிரையுமாய்க் கருவிளம். புலவர் வேண்டுமென்றே அந்தப் பெயரைத் தமிழ் நடை நடக்க வைத்திருக்கிறார். மத்ரஸாவில் மக்ரஜ் பிசகாமல் ஓதக் கற்ற பெருமையில், அந்தப் பெயர் வந்த இடமெல்லாம் இருபது ஆண்டுகளாகப் புலவரின் சீரை முறித்து மாணவர்களுக்கு நாம் படித்துக் காட்டியிருக்கிறோம்! அரபி அறியாத அந்த முதியவரின் காதுக்கு எட்டியது நம் காதுக்கு எட்டவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. புத்தகத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் பேரன் ஒத்திகைக்கு வந்தான்.

விழாவன்று எட்டுப் பிள்ளைகள் வாசித்தார்கள். நம் தெருப் பிள்ளைகளும் ஜிபுறயீல் என்றே இசைத்தார்கள். மண்டை உடைந்தவன் தழும்போடு பின்வரிசையில் நின்று கேட்டான், முடியுமுன்பே போய்விட்டான். அடித்தவன் வரவேயில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத நம் பேனா துணியவில்லை. ஆயினும் அந்த எட்டுப் பேரும் அடுத்த வாரம் முதல் ஒரே பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்தார்கள். அவர்களுள் ஒருவன் இப்போது ஷார்ஜாவில் கடைச் சிப்பந்தி; விடுமுறையில் வந்தால் முதலில் போவது கோயில் தெருவுக்குத்தான்.

பெரியவர் 2021-இல் காலமானார். பேரன் நம் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதிக்குப் பென்சிலால் சீர் பிரித்துக் கோடிட்டிருந்தார். ஹிஜ்ரத்துக் காண்டத்தின் நடுவில் கோடுகள் நின்றுவிட்டிருந்தன. அதற்கு மேல் உள்ளவற்றை வெள்ளிக்கிழமைகளில், அஸருக்குப் பின், அந்தப் பேரனும் நாமும் பிரித்து வருகிறோம். சில இடங்களில் இருவருக்கும் ஒத்து வருவதில்லை.