மீதிக் கணக்கு

கம்ப்யூட்டரின் சூட்டை டிகிரிக் கணக்கில் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. திரையில் 62 என்று தெரிந்தால், ப்ராசசருக்குள் ஒரு தெர்மாமீட்டர் 62 என்று காட்டுகிறது, மென்பொருள் அதைப் படித்துச் சொல்கிறது என்றுதான் நினைப்போம். இன்டெல் ப்ராசசரில் விஷயம் அப்படியில்லை.

உள்ளே இருக்கும் கருவி சொல்வது, உச்சவரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதை மட்டும்தான். அந்த உச்சவரம்புக்கு 'டிஜே மேக்ஸ்' என்று பெயர். அதைத் தொட்டால் ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடு ஏறினால் தன்னை அணைத்துக்கொள்ளும். பல சிப்புகளுக்கு இந்த வரம்பு 100 டிகிரி. மென்பொருள் செய்வது வெறும் கழித்தல்: 100-ல் பாக்கி 38 போனால் 62.

ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு தலைப்பில் மீதி 38 ஆயிரம் என்று தெரிகிறது. செலவு எவ்வளவு என்று சொல்ல, ஒதுக்கீடு எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒதுக்கீட்டைத் தப்பாக எழுதிக்கொண்டால், மீதி சரியாக இருந்தும் செலவு தப்பாக வரும்.

2006-ல் வந்த கோர் 2 காலத்தில் இதுதான் நடந்தது. மேஜைக் கம்ப்யூட்டர் சிப்புகளில் இந்த வரம்பைப் படித்துக்கொள்ள வழி இல்லை. மென்பொருள் எழுதியவர்கள் சோதனை செய்து பார்த்து ஓர் எண்ணை ஊகித்தார்கள். ஆளுக்கொரு எண். 2008-ல்தான் இன்டெல் அந்தச் சிப்புகளுக்கான எண்களை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த கோர் ஐ7 முதல், சிப்புக்குள்ளேயே ஒரு ரிஜிஸ்டரில் வரம்பு எழுதி வருகிறது. மென்பொருள் அதைப் படித்துக்கொள்கிறது, ஊகம் தேவையில்லை.

சில வருஷத்துக்கு முன் என் நண்பரின் பழைய கோர் 2 கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்த பையன், "72 டிகிரி சார், இது தாங்காது, புதுசு வாங்கிடுங்க" என்றான். நண்பருக்குப் பென்ஷன் மட்டும்தான் வருமானம். வேறொரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம், 62 என்றது. ஒன்று 105-லிருந்து கழித்தது, மற்றது 95-லிருந்து. பாக்கி இரண்டிலும் ஒன்றேதான்: 33. அவசரமே இல்லை. விசிறியில் அடைந்திருந்த தூசியைத் துடைத்து, காய்ந்துபோன பேஸ்டை மாற்றினோம். பாக்கி கூடியது. நண்பரின் பணம் மிச்சம்.

ஏஎம்டி சிப்பிலும் இப்படி ஒன்று உண்டு. 2017-ல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும், விசிறியை ஓட்டுவதற்காக உண்மைச் சூட்டைவிட 20 டிகிரி கூட்டியே சொல்லும். அதைக் கழிக்கத் தெரியாத மென்பொருள் வீணாகப் பயமுறுத்தும்.

ஆகவே, உங்களிடம் இன்டெல் கம்ப்யூட்டர் இருந்து யாராவது சூட்டைக் காட்டிப் பயமுறுத்தினால், "உச்சவரம்புக்கு இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேளுங்கள். பல மென்பொருள்கள் அதையும் காட்டும். வரம்பை நெருங்க நெருங்க அந்தக் கருவி சரியாகச் சொல்லும். சும்மா இருக்கும்போது காட்டும் குறைந்த எண்ணை அவ்வளவு நம்ப வேண்டாம். பாக்கி 5, 10 என்று இறங்கினால் முதலில் தூசியைத் துடையுங்கள். பர்சைத் திறப்பது அப்புறம்.