மூணு பத்தி

என் பையனுக்கு நாலரை வயது. ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. அலறல் வரும். தெருக்கோடி இஸ்திரிக்காரர் வரை கேட்கும்.

குறிப்பாக, நான் எழுத உட்கார்ந்தால் வரும். "அச்சுல வர்றதுக்கு முன்னாடியே விமர்சனம் பண்றான்" என்பாள் மனைவி. உடனே செல்போனை எடுத்து அவன் கையில் திணிப்பேன். கப்சிப். எனக்கும் நாலு வரி ஓடும்.

ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விடுகிற மாதிரி, விட்டுவிட்டு வந்தால் சரி பண்ணிக் கொடுப்பார்கள் என்பது என் எண்ணம். தெரபிஸ்ட் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே போட்டு உடைத்தார்.

"சார், வாரத்துக்கு 168 மணி நேரம். எங்கிட்ட 3. உங்ககிட்ட 165. யாருக்கு டிரெய்னிங் தரணும், நீங்களே சொல்லுங்க."

பி.காம். படித்தவனிடமே கணக்கு! வாயை மூடிக்கொண்டேன்.

இந்த முறைக்கு ஏ.பி.ஏ. என்று பெயர். அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ். எலியையும் புறாவையும் வைத்து ஆராய்ந்த ஸ்கின்னரின் வழியில் வந்தது. 1960-களில் அமெரிக்காவில் லோவாஸ் என்பவர் இதை ஆட்டிசக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். அப்போது அடியும், மின்சார அதிர்ச்சியும்கூட உண்டு என்று படித்து வயிறு கலங்கியது. கேட்டே விட்டேன்.

"இங்கே அதெல்லாம் கிடையாது சார்."

"எப்பவும் கையை உதறிக்கிட்டே இருக்கானே, அதை நிறுத்துவீங்களா?"

"அதனால யாருக்கு சார் இடைஞ்சல்?"

அந்த நிமிஷமே அவர் மேல் நம்பிக்கை வந்தது.

வீட்டுப்பாடம் எனக்குத்தான். ஒரு நோட்டில் மூணு பத்தி. அலறலுக்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின்னால் என்ன நடந்தது. பத்தி எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பெரிசா? இரண்டு வாரம் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 31 அலறல். அதில் 24-க்கு முதல் பத்தியில் ஒரே வரி: 'நான் லேப்டாப்பைத் திறந்தேன்.' கடைசிப் பத்தியிலும் ஒரே வரி: 'போன் கொடுத்தேன்.'

கணக்கு டேலி. அலறினால் அவனுக்குப் போன்; போன் கொடுத்தால் எனக்கு அமைதி. நான் அவனைப் பழக்கவில்லை, அவன்தான் என்னைப் பழக்கியிருக்கிறான். ஸ்கின்னரின் புறா நானேதான்.

"போனைப் பிடுங்கிடவா?" என்றேன்.

"வெறுமனே பிடுங்கினா அலறல் ஏறும் சார். அவனுக்கு வேணுங்கிறதை வேற விதமா கேட்கக் கத்துக் கொடுக்கணும். முதல் பத்தியைப் பாருங்க. அவன் கேட்கிறது போனை இல்லை. உங்களை."

சுருக்கென்றது.

ஓர் அட்டையில் என் போட்டோ. அதை அவன் நீட்டினால் நான் எழுந்துபோய் விளையாட வேண்டும். எனக்குப் பயிற்சி ஆரம்பமானது. சொன்னார், செய்து காட்டினார், என்னைச் செய்யச் சொன்னார், திருத்தினார். அவர் என் மகனாக நடித்துத் தரையில் உட்கார்ந்து கத்த, நான் பழக்கதோஷத்தில் போனை நீட்ட, மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பின்னால் படித்தேன். 3 முதல் 7 வயது வரை 180 குழந்தைகள், 24 வாரம். ஒரு பகுதிப் பெற்றோருக்கு ஆட்டிசம் பற்றி விளக்கம் மட்டும். மற்றவர்களுக்கு இந்த மாதிரி செய்முறைப் பயிற்சி. பயிற்சி எடுத்த வீடுகளில்தான் அடம், ஆத்திரமெல்லாம் கூடுதலாகக் குறைந்ததென்று பெற்றோர்களே மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

என் வீட்டில் முதல் வாரம் படுதோல்வி. அலறல் ஆரம்பித்த பிறகு அட்டையை யார் பார்ப்பது? நடுவில் என் அம்மா முறுக்கோடு வந்துவிடுவார். "குழந்தை அழுதா பார்த்துக்கிட்டு நிக்கச் சொல்றாளா அந்தப் பொண்ணு?"

அந்தப் பெண் வீட்டுக்கே வந்தார். அம்மாவுக்குப் பாடம் எடுப்பார் என்று பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கேள்விதான் கேட்டார்: "பாட்டி, இவன் அழப்போறான்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா?"

"தெரியாம என்ன? இடது காதைத் தேய்ப்பான்."

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். 31 அலறலை நோட்டில் ஏற்றிய நான் ஒருமுறைகூட அந்தக் காதைக் கவனிக்கவில்லை. தெரபிஸ்ட் பெண் தன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

"இனிமே காதுல கை போனதும் அட்டையை அவன் கையில வைங்க பாட்டி. முறுக்கு அப்புறம்."

அன்றிலிருந்து அம்மாதான் எங்கள் வீட்டு டிரெய்னர். ஆறு வாரம் ஆனது. அலறல் நிற்கவில்லை. ஆனால் நாளுக்கு இரண்டாக இருந்தது இரண்டு நாளைக்கு ஒன்றாகியிருக்கிறது. போன வியாழக்கிழமை யாரும் எடுத்துக் கொடுக்காமல், அவனே அட்டையைத் தேடி எடுத்து வந்து என் லேப்டாப் மேல் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. காத்திருந்தான். அவ்வளவுதான். எனக்குத்தான் கண் மறைத்தது.

இதை எழுதி முடிப்பதற்குள் அட்டை நாலு தடவை வந்துவிட்டது. வந்தால் எழுந்தாக வேண்டும், அதுதான் ஒப்பந்தம். இதோ ஐந்தாவது. மன்னிக்கவும், கூப்பிடுகிறான்.