இனிஷியல் என்றொரு கட்டம்

பெண்கள் கேட்கும்போது கேள்விக்கு முன்னால் ஒரு மன்னிப்பு வருகிறது. "தப்பா நினைக்காதீங்க மேடம், ரொம்ப சின்ன சந்தேகம்தான்." "அம்மா, தொந்தரவு பண்றேன்." "எனக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாதுக்கா." அதற்குப் பிறகுதான் விஷயம். மேக்கில் வேர்டு திறந்தால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது. மூன்றாம் இயலில் பக்க எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. எக்செலில் மதிப்பெண் கூட்டல் வரவில்லை. ஆண்கள் கேட்டால் "மேடம், இது சரியா வேலை செய்ய மாட்டேங்குது" என்பார்கள். இலக்கணம் நடத்திப் பிழைக்கிறவளுக்கு எழுவாயைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அங்கே பழுது கருவியில் இருக்கிறது. இங்கே கேட்கிறவளிடம்.

நான் கணினி படித்தவளில்லை. அரசுக் கலைக்கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். 2016இல் நண்பர்களோடு சேர்ந்து கொண்டுவந்த சிறுபத்திரிகைக்குப் பக்கம் வடிவமைக்க வேண்டியிருந்ததால் சென்னை ரிச்சி தெருவில் பழைய மேக்புக் ஒன்று வாங்கினேன். துறைக்குள் நுழைந்த முதல் மேக் அது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மேக் பணக்காரச் சாமான்தான். எங்களை வந்தடையும்போது பழசாகித்தான் வருகிறது. அமெரிக்காவிலிருக்கும் மகன் புதிதுக்கு மாறும்போது பழையதை அம்மாவுக்குக் கொண்டுவருகிறான். ஐடியில் இருக்கும் கணவர் அலுவலகத்தில் வேறொன்று கொடுத்ததும் பழையதை மனைவியிடம் தள்ளிவிடுகிறார். அக்காவின் பாவாடை தங்கைக்கு வருவதுபோல. மடிக்கணினி வருகிறது, சொல்லிக்கொடுக்க ஆள் வருவதில்லை. ஊரில் டைப்பிங் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ்தான் பழக்கம். மேக்கைக் கண்டால் கையை எடுத்துவிடுகிறார்கள். ஆகவே கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. பத்து வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அலுவலக மென்பொருள் என்றாலே விண்டோஸ் என்று நம்முடைய மனதில் பதிந்திருக்கிறது. எக்செல் 1985இல் முதலில் மேக்குக்குத்தான் வந்தது. விண்டோஸுக்கு வர 1987 ஆயிற்று. பவர்பாயின்ட்டும் 1987இல் மேக்கில்தான் பிறந்தது. இதைச் சொன்னால் எங்கள் துறை ஆண்கள் நம்ப மறுக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்வேன். எழுத்தைத் திருத்தி, சேமித்து, மறுபடி அச்சிடும் கணினிக் கருவியை அமெரிக்க அலுவலகங்களுக்குக் கொண்டுபோனவர்களில் முன்னோடி எவ்லின் பெரெசின் என்ற பெண். 1969இல் அதற்காகவே ரெடாக்ட்ரான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தக் கருவிக்கு 'டேட்டா செக்ரட்டரி' என்று பெயர். அலுவலகங்களில் தட்டச்சு செய்து விரல் தேய்ந்தவர்கள் யாரென்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்களில் லோயர், ஹையர் முடித்துவிட்டுக் காத்திருந்த பெண்களையும், பல்கலைக்கழக வாசல்களில் பக்கத்துக்கு இவ்வளவு என்று அடுத்தவர் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்த பெண்களையும் நான் இந்த வரலாற்றோடு சேர்த்தே நினைக்கிறேன். நன்றியுரையின் கடைசி வரியில் அவர்களுக்கு ஓர் இடமுண்டு. "பிழையின்றித் தட்டச்சு செய்து தந்த" என்று ஆரம்பிக்கும்.

மேக்குக்குப் புதிதாக வருகிறவரின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கன்ட்ரோல் சி அடிச்சா காப்பி ஆகலையே?" இங்கே கமாண்ட் விசை. நான்கு மூலையிலும் கண்ணி போட்ட கோலம் மாதிரி ஒரு குறி அதில் இருக்கும். முதல் மெக்கின்டாஷ் உருவானபோது மெனுக்களில் ஆப்பிள் சின்னத்தை அள்ளி இறைத்திருந்ததை ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பவில்லை. மாற்றுக்குறி தேடிய சூசன் கேர், குறியீடுகளுக்கான அகராதி ஒன்றைப் புரட்டி இதை எடுத்தார். சுவீடனில் பார்க்கத்தகுந்த இடங்களைக் காட்ட வைக்கும் குறி அது. இதைச் சொன்னதும் எங்கள் உதவிப் பேராசிரியர் ஒருவர் குனிந்து விசையைப் பார்த்துவிட்டு, "அட, சிக்குக் கோலம்" என்றார். அன்றிலிருந்து அவருக்கு அது கோலக் கட்டை. "கோலக்கட்டையோட எஸ் அடிச்சா சேவ் ஆயிடும்" என்று இப்போது அவரே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இரவு பத்து மணிக்கு மேல் வரும் அழைப்பு பெரும்பாலும் காணாமல்போன கோப்பைப் பற்றியது. விண்டோஸில் பழகிய விரல், சொல்லை மாற்றுவதற்காக எச்சைத் தேடிப்போகும். மேக்கில் கமாண்டும் எச்சும் சேர்ந்தால் மொத்த வேர்டும் திரையிலிருந்து மறைந்துவிடும். மறைக்கச் சொல்லும் கட்டளை அது. கீழேயுள்ள வரிசையில் வேர்டு சின்னத்தைத் தொட்டால் அப்படியே திரும்ப வரும். ஆனால் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்தவளுக்கு அந்த ஒரு நிமிடம் ஐந்து வருட உழைப்பும் போய்விட்டதாகத்தான் இருக்கும். உண்மையாகவே மூடிப்போன கோப்பென்றால் லைப்ரரி என்ற அறைக்குள் தேடவேண்டும். அந்த அறையை மேக் ஒளித்துவைத்திருக்கிறது. ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே 'கோ' மெனுவைத் திறந்தால்தான் கண்ணில் படும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேர்டு தானாக எடுத்துவைத்த படிகள் அதற்குள்தான் எங்கோ ஆழத்தில் கிடக்கும்.

பழைய எழுத்துருச் சிக்கலை விரித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும். சுருக்கமாக: வானவில்லிலோ பாமினியிலோ அடித்த பக்கம் உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி போட்டது. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றபிறகும் பழைய கோப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. மேக்கில் அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைமுறைகளும் கூடவே வருகின்றன. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும் மேக்கில் உண்டு. காசு கொடுத்து எதுவும் வாங்கவேண்டாம் என்று சொன்னாலே பாதிப் பேருக்கு மூச்சு வருகிறது.

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கேட்கிறவளின் விசைப்பலகையைத் தொடமாட்டேன். "கொஞ்சம் நகருங்க" என்று உட்கார்ந்து மூன்று நொடியில் சரிசெய்துவிட்டு எழுந்துபோகும் ஆண்களை நிறையப் பார்த்தாயிற்று. அடுத்தமுறையும் அவரையே கூப்பிட வேண்டும். என் வழியில் நேரம் அதிகமாகும். அந்த நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. "உங்களுக்குத்தான் இதெல்லாம் நல்லா வருது" என்ற பாராட்டோடு துறையின் அட்டவணைகளும் மதிப்பீட்டு அறிக்கைகளும் என் மேசைக்கு வந்தன. அறிக்கையில் தொகுத்தவர் பெயர் வேறு.

என்னால் மறக்க முடியாத கேள்வி ஒன்று, ஒப்பாரிப் பாடல்களில் ஆய்வு செய்த மாணவியுடையது. தன் இயலைத் தானே வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. பறை வாசித்தவர், தகவல் சொன்ன பூசாரி, எல்லோரும் 'அவர்'. அவள் பாட்டி வயதில் இருந்த பாடகிகள் எல்லோரும் 'அவள்'. "வாசித்தார்", "பாடினாள்". "அம்மா, அவள்னு வர்ற எல்லாத்தையும் ஒரே அமுக்கில அவர்னு மாத்த முடியுமா?"

ஷிஃப்ட், கமாண்ட், எச் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மாற்றும் கட்டம் வரும். ஆனால் தமிழில் ஒரே அமுக்கில் நடக்காது. 'அவள்' என்று தேடினால் 'அவளுடைய', 'அவளுக்கு' எதுவும் சிக்காது; புள்ளி போன இடத்தில் உகரம் ஏறியிருக்கும். ஒவ்வொரு வேற்றுமையையும் தனியாகத் தேடவேண்டும். வினைமுற்றுக்கு 'னாள்' என்பதை 'னார்' ஆக்கினால் 'பாடினாள்' 'பாடினார்' ஆகும், கூடவே 'முன்னாள் ஊராட்சித் தலைவர்' 'முன்னார் ஊராட்சித் தலைவர்' ஆகிவிடுவார். 'தாள்' என்பதை மாற்றினால் 'அழுதாள்' சரியாகும், 'செய்தித்தாள்' 'செய்தித்தார்' ஆகும். பாட்டுக்குள் இருக்கும் 'அவளை'த் தொடவே கூடாது. அது பாடியவருடைய சொல். ஆகவே ஒவ்வொன்றாக நிறுத்தி, பார்த்து, மாற்றவேண்டும். நான்கு இரவுகள் உட்கார்ந்தாள். நெறியாளர் படித்துவிட்டு, "எல்லாத்துக்கும் அவர்னு போட்டா ஆணா பெண்ணான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாராம். "பேர் போட்டிருக்கேன் ஐயா" என்றிருக்கிறாள்.

சென்ற வருடம் இன்னொருத்தி கூப்பிட்டாள். பள்ளி ஆசிரியை, பகுதிநேர ஆய்வாளர். குரலைத் தாழ்த்திப் பேசினாள். பக்கத்து அறையில் ஆள் தூங்குவது தெரிந்தது. நெறியாளர் கோப்பின் ஓரத்தில் எழுதிய குறிப்புகளுக்கு இவள் பதில் எழுதி அனுப்பியிருக்கிறாள். பதில்கள் எல்லாம் கணவர் பெயரில் போயிருக்கின்றன. "யார் எழுதறா இந்த ஆய்வேட்டை, நீங்களா உங்க வீட்டுக்காரரா?" என்று மற்ற ஆய்வாளர்கள் முன்னால் கேட்டுவிட்டார் நெறியாளர்.

கணினி கணவருடையது. அதில் வேர்டைப் பதிந்தவர் அவர். ஆகவே அவள் தட்டிய ஒவ்வொரு திருத்தத்தின் தலையிலும் அவர் பெயர். கோப்பு மெனுவில் பிராப்பர்ட்டீஸ் திறக்கச் சொன்னேன். 'ஆத்தர்' என்ற கட்டத்திலும் அவர்தான் இருந்தார். அதற்குக் கீழே மேனேஜர் என்றொரு கட்டம் இருக்கும். அது காலியாக இருந்தது என்று அவளே சிரித்தாள்.

தனிக்கணக்கு ஒன்று தொடங்கிக்கொள்ளலாமே என்றேன். அமைப்புகளுக்குள் போனாள். "அட்மின் பாஸ்வேர்டு கேக்குதுக்கா." அது அவளிடம் இல்லை. காலையில் கேட்டு வாங்கலாமே என்றதற்கு, "எதுக்குன்னு கேப்பாங்க" என்றாள். நான் மேலே பேசவில்லை. வேர்டுக்குள் பெயர் மாற்றக் கடவுச்சொல் தேவையில்லை. பிரிஃபரன்சஸ், அதில் யூசர் இன்ஃபர்மேஷன். ஏற்கெனவே போன குறிப்புகளில் பழைய பெயர்தான் இருக்கும், அவை தாமாக மாறா, இனி எழுதுவதில்தான் உன் பெயர் வரும் என்பதையும் சொன்னேன். பரவாயில்லை என்றாள். ஆத்தர் கட்டத்தை அழித்துத் தன் பெயரை அடித்தாள். அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"அக்கா, இனிஷியல்னு ஒரு கட்டம் இருக்கே. அப்பாவோடத போடவா, அவரோடத போடவா? சர்டிஃபிகேட்ல அப்பாவோடது, ஆதார்ல அவரோடது."

"ரெண்டும் இல்லம்மா. அது உன் பேரோட முதல் எழுத்து. குறிப்புக்குப் பக்கத்துல யார் எழுதினதுன்னு சுருக்கமா காட்டறதுக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப எனக்கு நானே இனிஷியலாக்கா?"

"ஆமா."

"போட்டுட்டேன்." மறுபடியும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி, அந்த அடிக்குறிப்புக்கு என்னமோ சொன்னீங்களே, கமாண்டோட எது?"

"கமாண்ட், ஆப்ஷன், எஃப். மூணையும் சேர்த்து."