எவர்சில்வர் குழாயும் உப்புத்தண்ணியும்

உங்க வீட்டு எவர்சில்வர் குடம் இருபது வருசம் ஆனாலும் பளபளன்னு இருக்கும். எங்க காரைக்கால் பக்கம் வயலுக்குப் போற எவர்சில்வருக்கு அந்த ஆயுசு கிடையாது. அதுவும் பத்தவச்ச இடத்துக்குக் கிடையவே கிடையாது.

போன கோடையில பருத்திக்கு மருந்தடிச்சிக்கிட்டு இருந்தோம். பவர் ஸ்பிரேயரோட கைக்குழாய், பித்தளை நட்டோட சேர்ற இடத்துல பட்டுன்னு முறிஞ்சிடுச்சு. கேஜ்ல 25 கிலோ அழுத்தம். குழாயைப் பிடிச்சிருந்த அண்ணன் முகம், கழுத்து, மார்பு எல்லாம் மருந்து. கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சுது. நல்ல தண்ணியை விடாம ஊத்திக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம்.

குழாய் வாங்கி ரெண்டு வருசம்கூட ஆகல. வெளியே ஒரு பொட்டு துரு இல்ல. "அழுத்தம் தாங்கல"ன்னு எல்லாரும் சொன்னாங்க. பட்டறைப் பெரியவர் மட்டும் முறிஞ்ச வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, பாதி கறுத்துக் கிடக்கு, பாதி புதுசா மின்னுது பாருங்க. கறுத்த பாதி எப்பவோ விட்டுப்போச்சு. இன்னிக்கு முறிஞ்சது மிச்சந்தான்."

கம்பியை மடக்கி நிமிர்த்திக்கிட்டே இருந்தா ஒடியுதுல்ல, அதுதான் விஷயம். பம்பு பிஸ்டன் ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் குழாய் துடிக்கும். காத்துல இருக்கிற இரும்பு, ஒரு அளவுக்குள்ள இருந்தா லட்சக்கணக்கான துடிப்பைத் தாங்கும். உப்புநீர் பட்டா அந்தப் பத்திரமான அளவே இல்லாம போயிடும். இதுக்குப் பேர் அரிப்புக் களைப்பு. எவர்சில்வரைக் காப்பாத்துறது அதுமேல இருக்கிற குரோமியம் ஆக்சைடு என்கிற மெல்லிய தோல். கீறல் பட்டா அது தானே ஆறிக்கும். உப்புல இருக்கிற குளோரைடு அதை ஆறவிடாது. துடிப்பு மறுபடி மறுபடி கிழிக்கும்.

பத்தவச்ச இடத்துல இன்னொரு வினையும் இருக்கு. வெள்ளி, செம்பு, துத்தநாகம் கலந்த ராடால ஒட்டுறாங்க. ராடும் எவர்சில்வரும் சேர்ற கோட்டுல ஈரம் தங்கினா, அந்தக் கோடே அரிச்சுப் பிரியும். நிக்கல் கலந்த ராடு இதை நல்லா தாக்குப்பிடிக்கும். பத்தவச்ச பிறகு ஃப்ளக்ஸைச் சுடுதண்ணில கழுவாம விட்டாலும் அரிப்புதான்.

நாங்க காவிரிக் கடைமடை. ஆத்துல தண்ணி வராத மாசத்துல போர் தண்ணிதான், அது உவர்ப்பு. மருந்தையும் அதுலதான் கலக்குறோம். கடல்காத்துல உலோகம் எப்படி அரிக்குதுன்னு ஆராய, 1948ல காரைக்குடியில தொடங்கின சிக்ரி ஆய்வகம் மண்டபத்துல ஒரு நிலையமே வச்சிருக்கு. எங்க வாய்க்கால் வரப்புக்கு அந்த சேதி இன்னும் வந்து சேரல.

அதனால பெரியவர் சொன்ன பழைய பட்டறை வழியைப் பிடிச்சுக்கிட்டோம். குழாயைக் கழட்டிக் கழுவி, மூட்டை மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, நல்லா துடைச்சிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவணும். வெடிப்பு இருந்தா உள்ளே போன எண்ணெய் கசிஞ்சு பொடியில ஈரக்கோடு விழும். மருந்தடிச்ச அன்னிக்கே குழாய்க்குள்ள நல்ல தண்ணி விட்டுக் கழுவுறதும், குழாயைப் பிடிச்சு ஸ்பிரேயரை இழுக்காம இருக்கிறதும் இப்ப எங்க வழக்கம்.

எங்க தெருவுல மூணு குழாயைப் பார்த்தோம். ஒண்ணுல கோடு விழுந்துச்சு. அந்த வீட்டுல மறுநாள் மருந்தடிக்க ஆள் சொல்லி வச்சிருந்தாங்க.